முன் சீட்டு மீட்ட படலம்

நமுனுகுல மலையின் தலையில் மேகம் முக்காடு போடும் காலம் வரையிலும், பதுளை பஸ் நிலையத்தில் "ஸ்பிரிங்வெளி, ஸ்பிரிங்வெளி" என்று கூவும் கண்டக்டர்களின் தொண்டை வற்றாத காலம் வரையிலும் வாழ்க நிமலன்! ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவின் வாடகைக்கார் ஹயர்வேந்தன், சிவப்புச் சிறுகாரின் ஏகசக்கராதிபதி, கொண்டையூசி வளைவுகளின் கொட்டமடக்கிய கோமான், கிளினிக் போகும் நோயாளியையும் மணவறை போகும் மணப்பெண்ணையும் ஒரே ஹாரன் ஒலியில் ஊர் சேர்க்கும் உத்தமன், அந்த நிமலன் பச்சைப்பயறு அளவே உள்ள ஒரு பொத்தானோடு பொருது நின்ற பெருங்கதையைச் சொல்லப் புகுந்தேன். பொத்தான்தானே என்று இப்போதே வாயைப் பொத்திச் சிரிப்பவர்கள் எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கலாம். பெண்டாட்டி கோபித்துக்கொண்ட வீட்டில் குடியிருந்து பார்த்தவர்கள் மட்டும் உட்காருங்கள். இது உங்களுக்கான கதை.

பன்னிரண்டு வோல்ட்டுப் பராசக்தியே, பொனெட்டுக்குள் வீற்றிருக்கும் பேட்டரித் தாயே, முதலில் உன்னை வணங்குகிறேன். பாதிக் கதையில் சொல் நின்றுபோகாதபடி எனக்கும் கொஞ்சம் சார்ஜ் ஏற்றி வை. கதிர்காமத்துக் கந்தா, நீ இந்தக் கதைக்குள்ளேயே வரப்போகிறாய். ஆகையால் உன்னைத் தனியாகக் கூப்பிடவில்லை, குறை நினைக்காதே.

நிமலனுடைய காரில் முன்பு ஒரு ரேடியோ இருந்தது. அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் அவன் ஒரு தொடுதிரையை வைத்தான். சும்மா திரையல்ல. பின்னால் ஒரு குட்டிக் கம்பியூட்டரே இருந்தது. பதுளையில் வண்டி கழற்றி விற்கும் பாட்ஸ் கடையில் தேடிக் கண்டெடுத்தது. படம் காட்டும், பாட்டுப் பாடும், றிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நிற்பது மாடா மனிதனா பள்ளமா என்று பிரித்துச் சொல்லும். திரையைத் தொட்டால் தெரியும் ஒளியில் நிமலனின் முகம் பூரண சந்திரனாகும். அத்தனை வரமும் பெற்ற அந்தக் கம்பியூட்டருக்கு ஒரேயொரு சாபம் இருந்தது. சாவியைத் திருப்பினால் லைட் எரியும், வைப்பர் ஆடும், ஹாரன் அலறும். இது மட்டும் கும்பகர்ண நித்திரையில் கிடக்கும். அதன் பெட்டியிலுள்ள பொத்தானை ஒருவர் விரலால் அழுத்தி எழுப்ப வேண்டும். பெட்டியோ இடதுபக்கம், டேஷ்போர்ட்டுக்குள்ளே, மூடி போட்ட இருட்டில் இருந்தது. வலதுபக்கம் ஸ்டியரிங் பிடித்திருக்கும் மாவீரனின் கைக்கு எட்டாத தூரம் அது.

எழுப்பாமலே வண்டி எடுத்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேட்கக் கூடாது. முருகன் படம் திரையில் வந்து, முருகன் பாட்டின் முதல் அடி காதில் விழாமல் நிமலன் முதல் கியர் போடமாட்டான். ஒரே ஒரு நாள், அவசரத்தில், பாட்டில்லாமல் எடுத்தான். முதல் வளைவிலேயே முன்சில்லு பாதையோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கியது. கொழுந்து நிறுக்கப் போன பெண்கள் அத்தனை பேரும் கூடை இறக்கி வைத்துத் தூக்கிவிட்டார்கள். தூக்கியதை விட அதிக நேரம் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனுக்கு அது சட்டம்.

அந்தப் பொத்தானை அழுத்தும் பெரும்பதவி இடதுபக்க முன் சீட்டில் வீற்றிருந்த சுபாஜினிக்கு வாய்த்தது. நிமலனின் மனையாட்டி; தோட்டத்துப் பிள்ளைமடுவத்தின் பொறுப்பாளர்; தாய்மார் மலைக்குப் போய் வரும் வரை அத்தனை குழந்தைகளையும் பார்த்து, பசியாற்றி, ஒரே ஓர் அதட்டலில் தூங்க வைக்கும் தூயவள். அவள் கூட வந்தால் நிமலனுக்குப் பாதை குறுகும். "மெதுவா, வளைவு வருது" என்பாள், அவன் பிறந்ததிலிருந்து பார்த்த வளைவுக்கு. வறுத்த கடலையை உரித்து உரித்து அவன் இடது உள்ளங்கையில் வைப்பாள். டேஷ்போர்ட்டைத் திறப்பாள், அழுத்துவாள், மூடுவாள். மாதக்கணக்காக இப்படித்தான் நடந்தது. அழுத்தும் விரலுக்கும் ஒரு மனம் இருக்கும் என்பது மட்டும் மாவீரனுக்கு உறைக்கவில்லை.

உறைத்த இடம் அப்புத்தளை. சுபாஜினியின் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபுகும் நாள். மூடுபனி பாதையில் படுத்துக் கிடந்தது. வாசலில் அவள் பிறந்த வீட்டு உறவு முழுவதும் நின்றது. என்ஜினை அணைத்துவிட்ட வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்து ஓரமாக விட வேண்டும். சுபாஜினியின் ஒரு கையில் பித்தளைக் குத்துவிளக்கு, மறு கையில் காய்ச்சுவதற்கான பால் செம்பு, உடம்பில் முதல்முறையாகக் கட்டிய மஞ்சள் பட்டு. அந்த நேரம் பார்த்து, கண்ணாடியை இறக்கிவிட்டு, ஊர் கேட்க முழங்கினான் நிமலன்.

"சுபா, சுவிச்ச அமுக்கு!"

"கையில சாமான் இருக்குங்க."

"அமுக்கு புள்ள, வண்டி எடுக்கணும்!"

சொன்னதோடு நின்றானா? தானே அழுத்துகிறேன் என்று குறுக்கே பாய்ந்தான். முழங்கை செம்பில் பட்டது. புது வீட்டில் பொங்க வேண்டிய பால் மஞ்சள் பட்டின் மேல் பொங்கியது. வாசலில் நின்ற உறவு மொத்தமும் ஒரே குரலில் "ஐயோ" என்றது. யாரோ ஒருவர் சிரித்தும் விட்டார். சுபாஜினி இறங்கினாள். குத்துவிளக்கைக் கீழே வைத்தாள். அப்புத்தளை ரயில் பாதை நடுங்க, யூக்கலிப்டஸ் மரங்கள் இலை அசைக்க மறக்க, அந்த வீரமாது சபதம் உரைத்தாள்.

"இந்தா பாருங்க. ஒங்க பொட்டிக்கு சுவிச்சு அமுக்குறதுக்கு எங்கப்பா என்னய கட்டிக் குடுக்கல. அது தானா எந்திரிக்கிற அன்னைக்குத்தான் இந்த முன் சீட்டுல ஒக்காருவேன். அது வரைக்கும் எனக்கு பஸ்ஸு போதும்!"

சொன்னபடியே பஸ்ஸில் போனாள். அன்றும், அதற்குப் பிறகும். வீட்டில் சோறு வந்தது, தேத்தண்ணி வந்தது, கேட்டதற்குப் பதிலும் வந்தது. காருக்கு மட்டும் அவள் வரவில்லை. முன் சீட்டில் சில நாள் உருளைக்கிழங்கு மூட்டை உட்கார்ந்தது. சில நாள் கேஸ் சிலிண்டர் உட்கார்ந்தது; அதற்கு நிமலன் பெல்ட்டும் போட்டுவிட்டான். பொத்தானை அவனே இடது கதவுப் பக்கம் சுற்றிப் போய் அழுத்திவிட்டு, ஓடி வந்து ஏறினான். ஸ்பிரிங்வெளிப் பாதையில் அவள் பயணம் செய்யும் பஸ்ஸுக்குப் பின்னாலேயே அவன் காரில் போக நேர்ந்த நாட்களும் உண்டு. ஜன்னலோரம் அவள் தலை தெரியும், திரும்பாது. வளைவு வரும், மெதுவா என்று சொல்ல ஆளிருக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், காவியத்துக்கு அழகில்லை என்றாலும் பரவாயில்லை: அவனுக்கு அழுகை வந்தது. பஸ்ஸின் கரும்புகை கண்ணில் பட்டதாகச் சொல்லிச் சமாளித்தான்.

ஆகவே எழுந்தான் நிமலன்! வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் காலையில் ஆட்கள் கூடி நிற்க, அவர்கள் நடுவே காரை நிறுத்தி, பொனெட்டின் மேல் உள்ளங்கையை அறைந்து அவனும் ஒரு சபதம் உரைத்தான். "இந்தப் பொட்டிய தானா எந்திரிக்க வைக்கல, நான் நிமலன் இல்ல!" கூடி நின்றவர்கள் இதைக் கேட்டு ஆரவாரம் செய்திருக்க வேண்டும். அன்று எந்த மலையில் கொழுந்து என்று கங்காணி சொல்லிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

முதல் நாள் போர் தொடங்கியது. நிமலனின் ஆயுதங்கள் ஒரு தீக்குச்சித் துண்டும் ஒரு ரப்பர் பட்டியும். பொத்தானின் நெஞ்சில் தீக்குச்சியை நிறுத்தி, மேலே ரப்பர் பட்டியை இறுக்கி, எப்போதும் அழுத்தியபடியே இருக்கும்படி அதைச் சிறைப்பிடித்தான். சாவியைத் திருப்பினான். ஆகா! எழுந்தது கம்பியூட்டர்! ஒளிர்ந்தது திரை! வேலோடு தோன்றினான் கந்தன்! வெற்றி முழக்கமிட நிமலன் வாயைத் திறந்தான். திறந்த வாய் மூடுவதற்குள் திரை அணைந்தது. மறுபடி திருப்பினான், மறுபடி எழுந்தது, மறுபடி படுத்தது. பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால் அந்தப் பெட்டி அணைந்துவிடும் என்ற சூழ்ச்சி அவனுக்குத் தெரியாது. அன்று மாலை வரை எழுந்தும் விழுந்தும் அது அவனைப் பகடி பண்ணியது.

தோற்றவன் பதுளைக்குப் போனான். பஸார் வீதியில், ஒரு துணிக்கடைக்கும் ஒரு பேக்கரிக்கும் நடுவில், ஃபோன் திருத்தும் சின்னக் கடை ஒன்றில் ஸரூக் நானா இருந்தார். செத்த ஃபோன்களின் நாடி பார்க்கும் அவர், நிமலனின் புலம்பலை முழுவதும் கேட்டார். தீக்குச்சியைத் தூக்கிப் பார்த்தார்.

"எழுப்புறதுன்னா தட்டி எழுப்பிட்டுக் கைய எடுக்கணும் தம்பி. நீங்க எழுப்பிட்டுக் கழுத்தப் புடிச்சிக்கிட்டே இருக்கீங்க. அது என்ன செய்யும்?"

சொல்லிவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு பிரம்மாஸ்திரத்தை எடுத்துக் கொடுத்தார். சுண்டுவிரல் நகமளவு பீப்பாய், அதற்கு இரண்டு கால். கெப்பாசிட்டர் என்பது அதன் திருநாமம். பொத்தானின் இரண்டு முனையிலும் இதன் இரண்டு காலையும் பற்ற வைத்தால், கரண்ட் வந்ததும் ஒரு நொடி பொத்தானை அழுத்தியது போலச் செய்யும். தன் வயிறு நிறைந்ததும் விட்டுவிடும். கரண்ட் போய்ச் சற்று நேரம் ஆனால் வயிறு காய்ந்து அடுத்த முறைக்குத் தயாராகிவிடும். இவ்வளவுதான் அதன் ரகசியம். பழுதாக்கினால் இருக்கட்டும் என்று நானா இரண்டாகவே கொடுத்தார். ஆளை எடை போடத் தெரிந்த மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், காரின் இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்து, சோல்டரிங் கம்பியைச் செங்கோலாக ஏந்தி, ஈயப்புகை சாம்பிராணியாய்ச் சூழ, இடது சீட்டுக்குக் கீழே தலையும் வாசல் படியில் காலுமாகக் கிடந்து நிமலன் புரிந்த இறுதிப் போரை என்னவென்று சொல்வேன்! ஓர் ஆணி உருண்டு சீட்டுக்கடியில் ஒளிந்து, தேடப் போனவனுக்குப் பழைய கடலைத் தோல்களைக் காட்டிக் கண் கலங்க வைத்தது. கட்டைவிரல் வெந்தது. முதல் கெப்பாசிட்டரின் கால்களை மாற்றிப் பற்ற வைத்தான். சாவியைத் திருப்பியதும் அது படாரென்று வெடித்து வீரமரணம் எய்தியது. தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போனது. சமையலறையிலிருந்து சுபாஜினி தலையை நீட்டி, ஆள் உயிரோடு இருப்பதைப் பார்த்துவிட்டு, தலையை உள்ளே எடுத்துக்கொண்டாள். அந்த ஒரு பார்வை போதாதா? இரண்டாவதைக் கால் பார்த்து, குறி பார்த்து, மூச்சை அடக்கிப் பற்ற வைத்தான். சாவியைத் திருப்பினான்.

எழுந்தது! படுக்கவில்லை! யார் விரலும் படாமல், யார் தயவும் இல்லாமல், கந்தன் திரையில் நின்றான். பாட்டு, தொழிலாளர் லயத்து வீடுகள் முழுவதும் கேட்டது. நிமலன் சில்லுக்கு முட்டுக்கொடுத்த கல்லை எடுத்து வீசினான், இரண்டாம் கியரைப் போட்டான், சரிவில் வண்டியை உருள விட்டு கிளச்சை விட்டான். என்ஜின் உறுமி எழுந்தது, திரை அணையவில்லை. மலையைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்தான். வந்து, மூக்கைச் சரிவுப் பக்கம் வைத்து நிறுத்தி, கல்லைக் கொடுத்து, மறுபடி உருட்டிப் பார்த்தான். அன்று முழுவதும் எத்தனை முறை உருட்டினாலும் பெட்டி படுக்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கார் வைத்திருப்பவன் சமதரையில் நிறுத்தமாட்டான். சரிவு பார்த்து, மூக்கு கீழே பார்க்க நிறுத்தி, சில்லுக்கு ஒரு கல் வைப்பான். பேட்டரி கைவிட்டாலும் மலை கைவிடாது என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். நிமலன் பேட்டரியைப் புதிதாக மாற்றியிருந்தான், பழக்கத்தை மாற்றவில்லை. சாவியால் ஸ்டார்ட் செய்வது அவனுக்கு நினைவிலேயே இல்லை. ஸரூக் நானா ஃபோனில், "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?" என்று கேட்டதற்கு, "எத்தன தடவ பாத்தேன் நானா, கல்லு மாதிரி நிக்கிது!" என்று அவன் சொன்னது முழுக்க முழுக்க உண்மை.

சுபாஜினி வந்து பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மடுவத்தில் பால் குடித்த டம்ளரைச் சோதிப்பதுபோலக் குனிந்து சோதித்தாள். "நெசமாவே தானா வருதா?" என்றாள். வந்தது. உதட்டோரத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்ததை அவள் மறைத்துவிட்டாள்; நான் பார்த்துவிட்டேன்.

அடுத்த முகூர்த்தத்தில் பதுளையில் அவள் மாமா மகளுக்குக் கல்யாணம். கேஸ் சிலிண்டர் பதவி நீக்கப்பட்டது. சீட்டு துடைக்கப்பட்டது. சலவை செய்தும் கறை முழுதாகப் போகாத அதே மஞ்சள் பட்டோடு சுபாஜினி முன் சீட்டில் எழுந்தருளினாள். கல் எடுக்கப்பட்டது, வண்டி உருண்டது, பாட்டு ஒலித்தது. "மெதுவா, வளைவு வருது" என்றாள். நிமலனுக்கு அந்த வளைவைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது.

கல்யாண மண்டபத்து முற்றம் உள்ளங்கை போலச் சமதரை. சாப்பாடு முடிந்து, அப்புத்தளையில் "ஐயோ" என்ற அதே உறவுகள், தானே விழிக்கும் திரையைப் பார்க்கக் காரைச் சூழ்ந்தன. நிமலன் சாவியைத் திருப்பினான். கந்தன் தோன்றினான். கைதட்டல் எழுந்தது. சாவியை இன்னும் ஒரு சுற்றுத் திருப்பி ஸ்டார்ட் செய்தான். என்ஜின் பிடித்தது, கந்தன் மறைந்தான். ஸ்டார்ட் எடுக்கும் ஒரு கணம் பெட்டிக்குக் கரண்ட் நின்று வந்தது. பெட்டி படுத்தது. வயிறு நிறைந்திருந்த கெப்பாசிட்டர் மறுபடி அழுத்த மனமில்லாமல் சும்மா இருந்தது. நிமலன் என்ஜினை நிறுத்தினான். கந்தனும் வேண்டும், என்ஜினும் வேண்டும், யார் விரலும் படக் கூடாது. சாவியால் ஸ்டார்ட் எடுக்காமல் உருட்டினால் கரண்ட் நிற்காது; அதற்கு வழி அது ஒன்றே.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுறீங்களா?"

சுபாஜினியின் மாமா முருகையா, மணப்பெண்ணின் தகப்பன், குனிந்து கேட்டார். "ஏன் மாப்புள, பேட்டரி பழுதா?"

"இல்ல மாமா. புது பேட்டரி."

"அப்ப எதுக்குத் தள்ளணும்?"

"தள்ளுங்களேன் மாமா!"

தள்ளினார்கள். பட்டு வேட்டிகள் மடித்துக் கட்டப்பட்டன, சந்தனம் வியர்வையில் கரைந்தது, பழுதில்லாத ஒரு காரை ஒரு குலமே முற்றத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தள்ளிக்கொண்டு போனது. இரண்டாம் கியரில் என்ஜின் பிடித்தது. திரை அணையவில்லை. சுபாஜினி கடலை மட்டும் உரித்தாள், அதையும் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

விதி பெட்ரோல் செட்டில் காத்திருந்தது. முள் சிவப்பில் கிடந்தது. அடிக்காமல் மலை ஏற முடியாது. அடிப்பதென்றால் என்ஜினை நிறுத்த வேண்டும். செட்டோ மண்டபத்தை விடச் சமதரை. பெட்ரோல் நிரம்பியது. மழையும் பிடித்துக்கொண்டது. பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் இரண்டு வேன். ஹாரன்கள் சங்குகளாய் முழங்கின. "அண்ணே, முன்னுக்கு எடுங்க!" என்றான் பெட்ரோல் அடித்தவன். நிமலன் ஸ்டார்ட் செய்தான். என்ஜின் வந்தது. திரை கறுத்தது. கை கியரில் இருந்தது; கியர் விழவில்லை. பாட்டில்லாமல் எடுத்தால் கான். இறங்கித் தள்ள உறவில்லை. தானே அழுத்தினால் அவள் கண்முன்னே சபதம் பொய்யாகும். எல்லாம் தெரிந்த கண்களோடு சுபாஜினி அவனைப் பார்த்தாள்.

"தானா எந்திரிக்கும்னு சொன்னீங்க."

"எந்திரிக்கிது சுபா. சரிவுல மட்டும்."

செட்டு வாசலில் ஸ்பிரிங்வெளி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூவினான். சபதம் சபதமே, அவள் கை கதவுப் பக்கம் போனது. நிமலன் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே, காவிய நாயகர்கள் யாரும் பேசாத தாழ்ந்த குரலில் பேசினான்.

"போறதுன்னா போ. மழ வருது, கொடைய எடுத்துக்க. அப்புத்தளையில நான் செஞ்சது தப்பு. எல்லாருக்கும் முன்னால ஒன்னய அப்பிடிக் கத்தியிருக்கக் கூடாது. நீ இல்லாம இந்த சீட்டப் பாக்க முடியல, அதுக்குத்தான் இத்தனையும் பண்ணேன்."

ஹாரன் முழங்க, மழை அறைய, கண்டக்டர் கடைசி முறையாகக் கூவ, நமுனுகுல மலையே மேகத்தை விலக்கி எட்டிப் பார்க்க, வேலேந்திய கந்தன் இருண்ட திரைக்குப் பின்னால் மூச்சடக்கிக் காத்திருக்க, சபதம் காக்கக் கதவைத் திறப்பாளா, சமர் முடிக்க மனம் இரங்குவாளா என்று பதுளை மாநகரே விரல் நுனியில் நின்ற அந்த மகா முகூர்த்தத்தில், அந்தக் கை கதவை விட்டது.

சுபாஜினி டேஷ்போர்ட்டைத் திறந்து சுவிச்சை அமுக்கினாள்.